கடனும் சாசனமும் – 9: மூலப்பத்திரமும் வக்கீல் அபிப்பிராயமும்

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்ததையும், ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் சிறு மிராசுதார்களும் தர்ம ஸ்தாபனங்களும் அந்த ஒரு நாளில் தங்கள் சேமிப்பைப் பறிகொடுத்து நின்றதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவருடைய லண்டன் கூட்டாளி உயிரை மாய்த்துக்கொண்டார். பணம் போட்டவர்களின் பக்கம் நின்று வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், வழக்கோடு தம் கடமை முடிந்ததென்று ஒதுங்கிவிடாமல், நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் பட்டணத்துப் பிரமுகர்களையும் கூட்டி முயன்றதன் பயனாக, 1907 மார்ச்சு 5இல் இந்தியன் வங்கி பதிவாகி, அவ்வாண்டு ஆகஸ்டு 15இல் தன் அலுவலைத் தொடங்கிற்று.

அந்த வங்கியைத் தோற்றுவிக்க முன்னின்றவர் ஒரு வக்கீல் என்பதைத் தற்செயலான செய்தியாகக் கருதிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அர்பத்நாட் கம்பெனியிடம் பணம் கொடுத்தவர்கள் அதன் பெயரையும் கட்டடத்தையும் வெள்ளைக்கார முதலாளிகளின் அந்தஸ்தையும் நம்பினார்களே ஒழிய, தங்கள் பணம் எங்கே போயிற்று, எதன்மேல் நிற்கிறது, அது திரும்பாவிட்டால் எதைப் பற்றிப் பிடிப்பது என்று கேட்டவர் எவருமில்லை. கம்பெனிக்குள்ளேயும் அதைக் கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. திவால் நீதிமன்றத்தில் கணக்குகளைப் புரட்டிய பிறகே அந்தக் கேள்விகள் எழுந்தன. கடன் கொடுத்த பின்னர் எழும் அந்தக் கேள்வியைக் கொடுப்பதற்கு முன்னரே எழுப்புவதற்கென்று ஒருவரை அமர்த்துவதுதான் வங்கிகளின் சட்ட ஆலோசனை என்னும் தொழிலின் உயிர்நிலை. கடன் கேட்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வங்கியின் ஏஜெண்டும் உட்கார்ந்திருக்கிறார். யாருடைய பணம் கைமாறப் போகிறதோ, அந்த வைப்புதாரர் மட்டும் அங்கே இல்லை. அங்கே இல்லாத அவருக்காகப் பேச வேண்டியவர் வக்கீல். இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

புதிய வங்கி எந்த ஈட்டின்மேல் கடன் கொடுப்பது என்னும் பிரச்சினை உடனே எழுந்தது. 1843 முதல் நடந்துவந்த பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1876ஆம் ஆண்டின் இராஜதானி வங்கிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நிலத்தையும் வீட்டையும் ஈடாக ஏற்றுக் கடன் கொடுக்க இயலாத நிலையில் இருந்தது. சர்க்கார் கடன் பத்திரங்கள், சரக்கு, இருவர் கையெழுத்திட்ட பிராமிசரி நோட்டு ஆகியவையே அதற்கு ஆதாரம். ஆனால் நம் நாட்டுக் குடும்பங்களிடம் இருந்த செல்வம் பெரும்பாலும் நிலமாகவும் மனையாகவுமே இருந்தது. நிலத்தை முறையாக அடமானம் எழுதிப் பதிவு செய்வதென்றால் முத்திரைச் செலவும் பதிவுச் செலவும் உண்டு. அதைவிடப் பெரிதாக, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் எல்லோரும் பார்க்கத் தன் சொத்தை ஈடு வைப்பதைக் கௌரவமுள்ள வியாபாரி விரும்பமாட்டார். இந்த இரண்டு தொல்லைகளையும் நீக்கும் ஒரு முறை இங்கிலாந்தில் 1783ஆம் ஆண்டின் ஒரு வழக்கிலிருந்து வேரூன்றி வளர்ந்திருந்தது. சொத்தின் மூலப்பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக வைக்கும் எண்ணத்தோடு கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே போதும், அடமானம் ஏற்பட்டுவிடும் என்பது அந்த முறை. சென்னை இராஜதானியிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற ஒரு வழக்கில் 1862ஆம் ஆண்டிலேயே அது நம் நாட்டுக்கும் செல்லும் என்று ஏற்கப்பட்டிருந்தது.

ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு ஒரு வரம்பு கட்டியது. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி, ரங்கூன் முதலான சில துறைமுக நகரங்களில் ஒப்படைத்தால்தான் செல்லும். மற்ற ஊர்களில் ஒப்படைத்தால் செல்லாது. சொத்து எந்த ஊரில் இருந்தாலும் அக்கறையில்லை. பத்திரம் கைமாறும் இடமே முக்கியம். 1929ஆம் ஆண்டின் திருத்தத்தில் இந்த விதி 58ஆம் பிரிவுக்குள் இடம்பெயர்ந்தபோதும் அதன் தன்மை மாறவில்லை. அரசாங்கம் அறிக்கையிட்டு வேறு நகரங்களையும் சேர்த்துக்கொள்ள இடமிருந்ததால், காலப்போக்கில் மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

தென்னார்க்காடு ஜில்லாவின் உட்புறத்தில், மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்து வியாபாரி ஒருவருக்கு அந்நாளில் இதன் பொருள் என்னவென்று பார்க்கலாம். நிலம் அவருடைய ஊரில் இருக்கிறது. பட்டா தாலுகா கச்சேரியில் இருக்கிறது. பதிவு அவ்வூர்ச் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் இருக்கிறது. ஆயினும் ஈடு வைப்பதற்கு அவர் பத்திரக்கட்டைத் துணியில் முடிந்துகொண்டு ரயிலேறிச் சென்னைக்குப் போயாக வேண்டும். திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட வரலாற்றை அவ்வூரார் அறிவர்; ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கும் அதை ஒட்டியதே. அந்தப் புராணச் செய்தியில் நம் தொழிலுக்கு மிக நெருங்கிய நுட்பம் ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார்; குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்த்தார். வங்கி வக்கீலுக்கு அந்த மச்சமாக இருப்பது சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸின் ஒன்றாம் புத்தகம்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ உள்ள தம் அறையில் வக்கீல் பத்திரக்கட்டை அவிழ்க்கிறார். அவர் முதலில் படிப்பது பத்திரத்தின் முகப்பு அன்று, பின்பக்கம். அங்கேதான் ரிஜிஸ்டிராரின் குறிப்பு இருக்கும்: எந்த நாளில் தாக்கலாயிற்று, எழுதிக்கொடுத்தவர் ஒப்புக்கொண்டாரா, அவரை அடையாளம் காட்டிய சாட்சிகள் யார், பெருவிரல் ரேகை இருக்கிறதா, ஒன்றாம் புத்தகத்தின் எந்தத் தொகுதியில் எத்தனையாவது பக்கத்தில் எந்த எண்ணாகப் பதிவாயிற்று என்பவையெல்லாம் அதில் உண்டு. அந்த எண்ணை வைத்துப் பதிவு ஆபீஸிலிருந்து நகல் வாங்கி, மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப்பார்த்த பிறகே அவர் முகப்புக்கு வருவார். மூலத்தில் நான்கெல்லையில் ஒரு வரி கூடியிருந்தாலும், நகலில் இல்லாத ஓர் ஏக்கர் மூலத்தில் முளைத்திருந்தாலும், அன்றோடு அந்தக் கடன் மனு நின்றுபோகும்.

பிறகு வில்லங்கச் சான்று. பதின்மூன்று வருஷத்துக்கு வில்லங்கம் பார்ப்பது பழைய மரபு. அடமானத் தொகைக்கு வழக்குப் போடும் காலவரம்பு பன்னிரண்டு ஆண்டு என்பதால், அதோடு ஓராண்டு கூட்டிப் பார்த்துவிட்டால் உயிரோடுள்ள பழைய அடமானம் எதுவும் தப்பாது என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதன்று. அடமானத்தை மீட்கும் உரிமைக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறுபது ஆண்டுக் காலம் இருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதை முப்பதாகக் குறைத்தது. ஆகையால் சுவாதீன அடமானமாகவோ போக்கியமாகவோ கைமாறிய நிலம் ஒன்று, கிரயம் வாங்கிய சொத்தைப் போலவே தோற்றமளித்துக்கொண்டு இரண்டு தலைமுறை கடந்த பிறகும் பழைய உரிமையாளரின் வாரிசுக்குத் திரும்பக்கூடும். முப்பது வருஷ வில்லங்கம் கேட்கும் வக்கீலைக் கெடுபிடிக்காரர் என்று சலித்துக்கொள்ளும் கிளை மேலாளர்கள் இந்த வரலாற்றை அறிந்தால் சலித்துக்கொள்ளமாட்டார்கள்.

வில்லங்கச் சான்று காட்டாத வில்லங்கங்களே பெரியவை. 1956க்கு முன்பு ஒரு விதவை தன் கணவன் வழி வந்த நிலத்தை விற்றாள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் ஒழுங்காக இருக்கும். பதிவு ஒழுங்காக இருக்கும். ஆயினும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருமுன், விதவைக்கு அந்த நிலத்தில் இருந்தது அவள் ஆயுள் வரைக்கும் உள்ள குறைந்த உரிமையே. குடும்பத்தின் இன்றியமையாத் தேவைக்கன்றி அவள் விற்றிருந்தால், அவள் காலமான பிறகு பன்னிரண்டு ஆண்டுக்குள் பின்னுரிமையாளர் வந்து நிலத்தைக் கேட்கலாம். அதுபோலவே தகப்பன் தன் மைனர் மகனின் தனிச் சொத்தைக் கோர்ட்டு அனுமதியின்றி விற்றிருந்தால், மகன் மேஜரான மூன்று ஆண்டுக்குள் அதைத் தள்ளிவைக்க வழக்குத் தொடரலாம். எனவே வக்கீல் பத்திரத்தை மட்டும் படித்தால் போதாது. குடும்பத்தைப் படிக்க வேண்டும். யாருக்கு எத்தனை பிள்ளைகள், விற்ற நாளில் அவர்களுக்கு என்ன வயது, பெரியவர் எப்போது காலமானார் என்றெல்லாம் அவர் கேட்கும் கேள்விகள் கடன் கேட்க வந்தவருக்கு வீண் துருவலாகத் தோன்றும்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச்சு 25இலிருந்து பெண் மக்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கிய திருத்தம், அந்நாளுக்கு முன் மணமான பெண்களை அதிலிருந்து விலக்கியிருந்தது. ஆகவே அதற்குப் பின் சில காலம், ஒரு பெண்ணுக்குக் கலியாணம் நடந்த தேதி அந்தக் குடும்ப நிலத்தின் உரிமையையே நிர்ணயிக்கும் ஆவணமாயிற்று. கலியாணப் பத்திரிகை மூலப்பத்திரக் கட்டோடு சேர்ந்து வங்கிக்கு வரவேண்டியதாயிற்று. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கியது. பெண்களுக்கு நீதி செய்த இந்த மாற்றங்களை வங்கிகளுக்கு ஏற்பட்ட இடையூறு போலப் பேசுவோர் உண்டு. கையெழுத்திட வேண்டியவர்களின் வரிசையில் பெண்ணின் பெயர் முதன்முறையாக இடம்பெறுவதை இடையூறு என்று சொல்வது தகாது. கேட்க வேண்டிய ஒரு கேள்வி கூடிற்று; அதைக் கேட்பதற்குத்தான் வக்கீல் இருக்கிறார்.

ஒப்படைக்கும் நாளுக்கு வருவோம். பத்திரங்களைக் கொடுப்பது வேறு, அதைப் பற்றி எழுதிவைப்பது வேறு. ஒப்படைப்பதே அடமானம் என்பதால் அதற்குப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் கடனின் நிபந்தனைகளையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதமே பேரமாக அமைந்துவிட்டால், அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத காகிதம் கோர்ட்டில் சாட்சியாக நிற்காது. 1950இல் உச்சநீதிமன்றம் இந்த வேற்றுமையைத் தெளிவாக்கிற்று. ஆகவே பழைய வங்கி வக்கீல்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். கடன் வாங்குபவர் முதல் நாள் வந்து பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள், “நேற்றைய தினம் தங்கள் சென்னை அலுவலகத்துக்கு நேரில் வந்து இன்னின்ன பத்திரங்களை ஈடாக ஒப்படைத்தேன்” என்று இறந்தகாலத்தில் ஒரு கடிதம் எழுதுவார். நடந்து முடிந்ததைச் சொல்லும் நினைவுக் குறிப்பாதலால் அதற்கு அக்காலத்தில் பதிவு தேவைப்படவில்லை. ஒரு வினைமுற்றின் காலத்தில் பல்லாயிரம் ரூபாய் தொங்கிய காலம் அது. கடன் இருக்க வேண்டும், பத்திரம் கைமாற வேண்டும், ஈடாக வைக்கும் எண்ணம் இருக்க வேண்டும் என்ற மூன்று இலக்கணங்களையும் 1964இல் சென்னையிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்துரைத்தது.

தனித்தனி வியாபாரிகளின் கடனுக்கு அப்பால், பெரிய ஸ்தாபனங்களின் முதலீடு கிராமத்து நிலத்தை எட்டிய வழியும் தென்னார்க்காடு போன்ற ஜில்லாக்களினூடேதான் அமைந்தது. 1929இல் தோன்றிய சென்னை மத்திய நில அடமான வங்கி, பொதுமக்களிடமும் ஸ்தாபனங்களிடமும் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி, தாலுகாக்களின் தொடக்க நில அடமான வங்கிகள் மூலம் குடியானவர்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்கிற்று. அசலுக்கும் வட்டிக்கும் சென்னை அரசாங்கம் பொறுப்பேற்றது. கடன் பத்திரம் வாங்கியவர்களின் தர்மகர்த்தாவாகக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் இருந்தார். 1934ஆம் ஆண்டுச் சட்டம் தவணை தவறிய நிலத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே விற்கும் அதிகாரத்தை அளித்தது. சென்னையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கும் கடன் பத்திரத்துக்கும், ஏதோ ஒரு தாலுகாவில் பழைய லேவாதேவிக் கடனைத் தீர்ப்பதற்காக நாலு ஏக்கர் நிலத்தை ஈடு வைத்த குடியானவனுக்கும் நடுவே பல கைகள் இருந்தன. ஆனால் அவன் பட்டாவையும் அடங்கலையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்து, இந்த நிலம் இவனுடையதே என்று கையெழுத்திட்ட அந்த ஒரு தாளின் மேல்தான் அத்தனையும் நின்றது. அரசாங்கத்தின் உத்தரவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அந்தத் தாளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதவில்லை என்பது எனக்குள்ள குறை.

ஸ்தாபன முதலீட்டில் அந்தத் தாளைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் 1957இல் நேர்ந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளில் ஒரு கோடியே 24 லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிற்று. தன் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே வாங்கிற்று. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அதை எழுப்பினார், நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார், நிதியமைச்சராயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அந்த விவகாரத்தின் அரசியலை நாம் பேசவில்லை. பாலிசிதாரர்களின் பணத்தைக் கையாளும் ஸ்தாபனம், தன் சட்டத்திலேயே அமைந்த ஆலோசனைப் படியைத் தாண்டிப் போயிற்று என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

இனி விருத்தாசலத்துக்கே திரும்புவோம். நெய்வேலியில் 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷனின் சுரங்கத்தில், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் பீங்கானுக்கு உகந்ததாக இருந்தது. அதற்கு அருகே உள்ள விருத்தாசலத்தில் அரசாங்கத்தின் பீங்கான் சேவை நிலையமும் பீங்கானுக்கென்றே அமைந்த தொழிற்பேட்டையும் ஏற்பட்டு, இன்சுலேட்டர்களும் பியூஸ் கட்டைகளும் கோப்பைகளும் பொம்மைகளும் செய்யும் சிறு தொழிலகங்கள் வளர்ந்தன. 1969 ஜூலை 19இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாகி, சிறு தொழிலுக்குக் கடன் கொடுப்பது கடமையென்று ஆனபின், நகரத்து வங்கியின் சட்ட ஆலோசனை இப்படிப்பட்ட ஊர்களுக்கும் இறங்கிவந்தது. முன்சீப் கோர்ட்டில் தொழில் நடத்தும் உள்ளூர் வக்கீல் வங்கியின் பேனல் வக்கீலானார்.

அவர் முன் வந்த கேள்விகள் புதியவை. நிலத்தின் மேல் தீக்கல் அடுக்கிக் கட்டிய சூளை பூமியோடு பிணைந்தது. ஆகவே அது அடமானத்தில் அடங்கும். களிமண் அரைக்கும் எந்திரம் தளத்தில் போல்ட்டு வைத்து இறுக்கப்பட்டிருந்தால், அது நிலத்தைச் சேர்ந்ததா, தனிப் பொருளா? அச்சுகளிலும் ஒருமுறை சுட்டு மெருகு பூசாமல் நிற்கும் பிஸ்கட் சாமான்களிலும் வங்கிக்கு உள்ள பற்று, அடமானமன்று, ஹைபாதிகேஷன்; சரக்கு முதலாளியின் வசத்திலேயே இருக்கும், நாளுக்கு நாள் மாறிக்கொண்டும் இருக்கும். தொழிற்பேட்டை மனையோ தொழில் நடத்துபவருக்குச் சொந்தமாகாமல், தவணை முறையிலோ குத்தகையிலோ மட்டும் இருக்கக்கூடும். அப்போது பேட்டையின் உடைமையாளரிடமிருந்து ஆட்சேபமில்லை என்று எழுத்து வாங்காத அடமானம் வெறுங்காகிதம். இவற்றையெல்லாம் பிரித்துப் பிரித்துச் சொல்லாமல், “சொத்து வில்லங்கமற்றது, கடன் கொடுக்கலாம்” என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்த அபிப்பிராயங்கள் பிற்காலத்தில் வங்கிகளைக் கைவிட்டன.

1949இலேயே சென்னையில் ஏற்பட்ட தொழில் முதலீட்டுக் கார்ப்பரேஷனுக்கு, 1951ஆம் ஆண்டின் மாநில நிதிக் கார்ப்பரேஷன்கள் சட்டத்தின் 29ஆம் பிரிவு வாய்த்தது; தவணை தவறிய தொழிலகத்தைக் கோர்ட்டின் துணையின்றியே அது கைப்பற்றி விற்கலாம். வங்கிகளுக்கு அந்த வசதி இல்லை. அவை ஸிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிகிரி வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டு, ஏலம் போடுவதற்குள் சூளை விரிந்து, எந்திரம் துருவேறி, ஈடு மண்ணாகும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வங்கிக் கடன்களுக்கென்று தனித் தீர்ப்பாயங்களை ஏற்படுத்திற்று. 2018இல் அந்த எல்லை இருபது லட்சமாயிற்று. 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் ஒரு படி மேலே போய், அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கியே ஈட்டைக் கைப்பற்றலாம் என்றது. கடன்பட்டவர் முறையிட வேண்டுமானால் கோரப்பட்ட தொகையில் முக்கால் பங்கைக் கட்டிவிட்டு வரவேண்டும் என்று அது விதித்திருந்ததை, 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரணென்று நீக்கியது; கடன்பட்டவர் எழுப்பும் ஆட்சேபத்தைத் தள்ளினால் அதற்கான காரணத்தை வங்கி அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. அந்தக் காரணத்தை வரைந்து கொடுப்பவர் வக்கீல். வைப்புதாரரின் பணத்தைக் காப்பதும் கடன்பட்டவருக்கு நேர்மை செய்வதும் ஒருவர் கையிலேயே வந்து சேர்ந்தன.

பத்திரம் ஒப்படைத்த அடமானம் பதிவாகாது என்பதால், அது வில்லங்கச் சான்றிலும் தெரியாது என்ற பழைய ஓட்டையும் இக்காலத்தில்தான் அடைபடத் தொடங்கிற்று. பத்திரம் தொலைந்துவிட்டதென்று சொல்லி நகல் வாங்கி, ஒரே நிலத்தை இரண்டு வங்கிகளில் வைத்த மோசடிகளுக்கு அந்த ஓட்டையே வழி. 2011இல் ஈட்டுரிமைகளுக்கென்று மத்தியப் பதிவகம் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பத்திர ஒப்படைப்பு உடன்படிக்கையையும் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. பட்டணத்து வியாபாரியின் கௌரவத்தைக் காப்பதற்காக நுழைந்த முறை, நூற்றாண்டு கடந்து, எல்லோரும் பார்க்கும் ஏட்டில் ஏறிற்று. நான் அதை முழுமனத்தோடு வரவேற்கிறேன்.

தவறான அபிப்பிராயம் கொடுத்த வக்கீலின் பொறுப்பு எவ்வளவு? ஹைதராபாத்தில் வீட்டுக் கடன் மோசடி ஒன்றில் பேனல் வக்கீலையும் குற்றவாளியாகச் சேர்த்த வழக்கில், 2012 செப்டம்பரில் தீர்ப்பெழுதிய உச்சநீதிமன்ற நீதிபதி சதாசிவம், அபிப்பிராயம் பிழையாகிவிட்டது என்பதனாலேயே வக்கீலைக் குற்ற வழக்கில் இழுக்கலாகாது, சதியில் அவரும் கைகலந்தார் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். கவனக்குறைவுக்கு வேறு பரிகாரங்கள் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அது நியாயமான தீர்ப்பு. நேர்மையாகச் சொன்ன கருத்துக்கே சிறைக்குப் போக நேருமென்றால், எந்த வக்கீலும் வேண்டாம் என்று மட்டுமே எழுதப் பழகிவிடுவார். அதனாலும் வைப்புதாரருக்குப் பயனில்லை. ஆனால் பல இடங்களில் பேனல் வக்கீலின் கட்டணம் கடன் வாங்குபவர் கையிலிருந்தே போகிறது. சில இடங்களில் கடன் வாங்குபவரே பத்திரக்கட்டைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்து அபிப்பிராயத்தைக் கையோடு வாங்கிவருகிறார். தாம் யாருடைய வக்கீல் என்ற நினைவு மங்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கட்டணத்தை வங்கியே கொடுத்து, கட்டையும் வங்கியே அனுப்பி, அபிப்பிராயத்தையும் நேரே பெற்றுக்கொள்ள வேண்டும்.

விவசாய நிலத்தின் மேல் உள்ள ஈட்டுக்குச் சர்பாசி சட்டம் செல்லாது. கிராமக் கணக்கில் புன்செய் என்றே இருக்கும் மனையில் சூளை புகைந்துகொண்டிருக்கும் விருத்தாசலம் போன்ற ஊர்களில் இது பெருங்கேள்வி. இந்தியன் வங்கி கட்சியாக இருந்து தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2018 ஜூலையில் உச்சநீதிமன்றம், வருவாய்க் கணக்கின் வகைப்பாடு மட்டுமே இதை முடிவு செய்யாது, நிலத்தின் இயல்பையும் அது பயன்படும் விதத்தையும் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, விசாரணையை உயர்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிற்று. 1980இல் கர்ணங்கள் போய்விட்ட பிறகு அடங்கலில் எழுதுபவர் மாறினாலும், எழுதப்படுவது நிலத்தை ஒத்திருக்கிறதா என்பது பழைய சந்தேகமாகவே நீடிக்கிறது. ஆகவே அபிப்பிராயம் எழுதும் வக்கீல், கடன் கொடுக்கும் நாளிலேயே அந்த நிலத்துக்குப் போய், அங்கே கிணறும் முந்திரியும் இருக்கின்றனவா, களிமண் குவியலும் சூளையும் இருக்கின்றனவா என்று தம் கண்ணால் கண்டு, கண்டதைத் தேதியோடு அபிப்பிராயத்தில் எழுதிவைப்பது அவசியமாகிறது. அதற்கு ஒரு நாளும் ஒரு பஸ் கட்டணமும் செலவாகும். கடன் பத்திரங்களின் தர்மகர்த்தாக்கள் எப்படி இந்தப் பொறுப்பை ஏற்றார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.